எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் படத்தைக் கடைமடையில் மாட்டலாமா?

கேள்வி: 21 பிப்ரவரி 2024, மாலை

மூத்த வழக்கறிஞர் ஃபாலி எஸ். நாரிமன் இன்று தில்லியில் தம் 95ஆம் வயதில் காலமானார். எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் அவர் படத்தை வைத்து அஞ்சலி செலுத்தலாம் என்று சொன்னேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் காவிரி வழக்கில் கர்நாடகத்துக்காக நின்றவருக்கு டெல்டாவில் மாலையா என்று பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். நீங்கள் வழக்கறிஞர், கடைமடை விவசாயியின் மகனும்கூட. அவர் செய்தது நீர்ப் பங்கீட்டுக்கான பொதுத்தொண்டா, அல்லது கூலிக்குச் செய்த வேலையா?

21 பிப்ரவரி 2024, இரவு

வைக்கலாம் என்பதே என் கருத்து. 2016 செப்டம்பர் 27 அன்று, தண்ணீர் திறந்துவிடும்படி உச்சநீதிமன்றம் சொன்ன பிறகும் கர்நாடகம் திறக்காதபோது, உத்தரவை மதிக்காத கட்சிக்காரருக்காக இனிப் பேசமாட்டேன் என்று சொல்லி அந்த வழக்கை விட்டே விலகியவர் அவர். தம்மை அமர்த்திய மாநிலத்தைவிட நீதிமன்றத்தின் சொல்லைப் பெரிதாக மதித்தவர். உத்தரவைத் தவிர வேறு எந்த ஆயுதமும் இல்லாத கடைமடைக்காரன் அவரை மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பது?

22 பிப்ரவரி 2024

நேற்றிரவு எழுதியதில் இரண்டு பிழைகள். எதிர்த்தரப்பு மனுவில் ஒரு தேதி தவறியிருந்தால் அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசுகிறவன் நான். ஆகவே என் பிழைகளையும் நானே எழுதிவிடுகிறேன்.

முதலாவது, தேதி. செப்டம்பர் 27 அன்று பிறப்பிக்கப்பட்டது, மூன்று நாள்களுக்கு நொடிக்கு 6,000 கன அடி வீதம் திறக்கச் சொன்ன உத்தரவு. அது நிறைவேறாத நிலையில், அடுத்து வழக்கு வந்த செப்டம்பர் 30 அன்றுதான், நீதிபதிகள் தீபக் மிஸ்ராவும் யு. யு. லலித்தும் அமர்ந்திருந்த அமர்வின் முன்னால், மாநிலம் உத்தரவுக்குக் கீழ்ப்படியாத வரை அதன் சார்பில் தாம் வாதுரைக்க இயலாது என்று நாரிமன் கூறினார். அன்றைய முதலமைச்சர் சித்தராமையா அவருக்கு எழுதிய கடிதத்தையும் நீதிமன்றத்தில் முன்வைத்தார். வழக்கறிஞரின் அந்த நிலைப்பாட்டை முதலமைச்சரும் அக்கடிதத்தில் ஏற்றுக்கொண்டிருந்தார். வழக்கறிஞர் தொழிலின் உயர்ந்த மரபுக்கு உகந்த செயல் என்று நீதிபதிகள் பாராட்டினார்கள்.

இரண்டாவது பிழை பெரியது. அவர் வழக்கை விட்டு விலகவில்லை. அன்றைக்குப் பேச மறுத்தார், அவ்வளவுதான். பிறகு 2017இல், காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பின்மீதான மூல மேல்முறையீட்டில் கர்நாடகத்துக்காக வாதாடினார், நன்றாகவே வாதாடினார். அதன் பலனை நாம் இன்றும் அனுபவிக்கிறோம். விலகினார் என்று என் மனம் ஏன் தானாகவே சேர்த்துக்கொண்டது என்று யோசித்துப் பார்த்தேன். நமக்குப் பிடித்தவரை நம் பக்கத்து ஆளாக்கிவிட வேண்டும் என்ற ஆசைதான் காரணமாக இருக்கும்.

24 பிப்ரவரி 2024

"ஒருநாள் பேசாமல் இருந்ததற்காகப் படமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்கத் தகுந்த கேள்விதான். அந்த ஒருநாள் எத்தகைய நாள் என்பதைச் சொல்ல வேண்டும்.

2016இல் ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கவில்லை. குறுவை போயிற்று. செப்டம்பர் 5 அன்று நொடிக்கு 15,000 கன அடி வீதம் பத்து நாள்களுக்குத் திறக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது. அந்த விசாரணையில் தமிழ்நாட்டின் வழக்கறிஞர் சேகர் நாப்டே 20,000 கன அடி கேட்க, நாரிமன் 10,000 கன அடி வரை தர முன்வந்தார். அதற்காக அவர் கர்நாடகத்தில் வாங்கிய வசவு கொஞ்சமல்ல. கன்னடம் தெரியாதவருக்கு எங்கள் வயலின் அருமை எப்படித் தெரியும், ஆளை மாற்றுங்கள் என்று மண்டியாப் பக்கம் குரல் எழுந்தது. செப்டம்பர் 12 அன்று உத்தரவு 12,000 கன அடியாக மாற்றப்பட்ட நாளில் பெங்களூரு பற்றி எரிந்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளை வரிசையாகக் கொளுத்தினார்கள். செப்டம்பர் 23 அன்று, இருக்கிற தண்ணீர் குடிப்பதற்கு மட்டுமே என்று கர்நாடகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஒரு மாநிலத்தின் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே குரலில் மறுத்துக்கொண்டிருந்த வாரத்தில், அதே மாநிலத்தின் வழக்கறிஞர், உத்தரவை நிறைவேற்றுங்கள், பிறகு பேசுகிறேன் என்று சொன்னார். மேடை ஏறி நமக்காகப் பரிந்து பேசியவர்களில் எத்தனை பேர் தம் சொந்த ஊர்க்காரர்களிடம் அப்படிச் சொல்லியிருப்பார்கள்?

இனி எங்கள் வீட்டுக் கணக்கு. மேட்டூர் செப்டம்பர் 20 அன்று சம்பாவுக்காகத் திறக்கப்பட்டது. அரிச்சந்திரா நதிப் பாசனத்தின் கடைசியில் இருக்கும் எங்களுக்கு நாற்றங்கால் விடுவதற்கு நாள் கடந்துவிட்டதால் அப்பா நேரடி விதைப்பாகத் தெளித்திருந்தார். தினமும் காலையில் என்னைத் தொலைபேசியில் அழைத்து, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே, "பிலிகுண்டுலுவில் எவ்வளவு?" என்று கேட்பார். கர்நாடகத்திலிருந்து வரும் காவிரி நீரை அளக்கும் எல்லையோர இடம் அது. செப்டம்பர் 30 இரவு நான் அவரிடம், அக்டோபர் 1 முதல் 6 வரை 6,000 கன அடி திறக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அப்பா பேசாமல் கணக்குப் போட்டார். ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால்தான் ஒரு டிஎம்சி சேரும். ஆறு நாளுக்கு 6,000 என்றால் மூன்று டிஎம்சிக்குச் சற்று மேல். 93.47 டிஎம்சி கொள்ளும் மேட்டூரில் அது எந்த மூலைக்கு?

"தண்ணீர் கிடக்கட்டும். அந்த வக்கீல் சொன்னதை இன்னொரு தரம் சொல்லு" என்றார் அப்பா.

அக்டோபர் 3 அன்று கர்நாடகச் சட்டமன்றம் மீண்டும் கூடிப் பாசனத்துக்கும் தண்ணீர் விட வழி செய்து தீர்மானத்தை மாற்றியது, தண்ணீரும் வந்தது. அது நாரிமனால்தான் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். நீதிமன்ற அவமதிப்பு என்ற கத்தியும் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் சம்பா பிழைக்கவும் இல்லை. வடகிழக்குப் பருவமழையும் கைவிட, பெருவிரல் நுழையும் அளவு வெடித்த வயலில் டிசம்பரில் ஆட்டுக்கிடை போட்டோம்.

24 பிப்ரவரி 2024, சற்று நேரம் கழித்து

அவர் தமிழர்களுக்கு எதிரி என்று எழுதிய நண்பருக்கு ஒரு செய்தி. 2014 அக்டோபர் 17 அன்று சொத்துக் குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்கு உச்சநீதிமன்றம் ஜாமீன் வழங்கியபோது அவருக்காக ஆஜரானவர் இதே நாரிமன். காவிரியில் எங்களுக்கு வக்கீல், ஜாமீனில் அந்த அம்மாவுக்கு வக்கீலா என்று அப்போதும் கோபப்பட்டவர்கள் கர்நாடகத்துக்காரர்களே. இரண்டு மாநிலத்தாரும் முறை வைத்துக்கொண்டு கோபப்பட்டிருக்கிறோம். தண்ணீரில் வராத முறைப்பாசனம் இதிலாவது வந்ததே.

2 மார்ச் 2024

கட்டணம் பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் எழுதவில்லை. வாங்கினார். மூத்த வழக்கறிஞர் ஒருவரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு மாநிலம் வைத்துக்கொண்டால் அதற்கான தொகை சிறியதாக இருக்காது. அதை மறைத்துவிட்டுத் தொண்டு என்று பேசுவது நேர்மையாகாது.

ஆனால் இந்தத் தொழிலில் காசு வாங்காமல் செய்த வேலைதான் பொதுச்சேவை என்றால், நான் இலவசமாக நடத்திய சில வழக்குகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும். அவற்றில் பாதியில் என் கவனம் பாதிதான் இருந்தது. மாநிலங்களுக்குள் நீரைப் பிரித்துச் சொல்வதற்கான காவிரி நடுவர் மன்றம் 1990 ஜூன் 2 அன்று அமைக்கப்பட்டது, இறுதித் தீர்ப்பு 2007 பிப்ரவரி 5 அன்று வந்தது. நடுவில் தலைவரே மாறினார். சித்ததோஷ் முகர்ஜி போய் என். பி. சிங் வந்தார். பதினேழு ஆண்டுகள் நீரளவுப் பதிவேடுகளையும், ஆயக்கட்டுப் புள்ளிவிவரங்களையும், எந்தப் பயிருக்கு எத்தனை அங்குலத் தண்ணீர் என்ற சாட்சியங்களையும் புரட்டிக்கொண்டிருப்பது பெயரோ பரபரப்போ தரும் வேலையன்று. இருபுறமும் அதைச் செய்தவர்கள் இருந்தார்கள். கர்நாடகத்துக்காக உடன் நின்ற அனில் திவான் 2017 மார்ச்சில், தீர்ப்பைப் பார்க்காமலே இறந்துபோனார். தெருவில் கல்லெறிந்து முடிக்கப் பார்த்த சண்டையைக் காகிதத்துக்குள் பிடித்து வைத்திருந்தவர்கள் இவர்கள். என்னுடைய கணக்கில் அதுவும் ஒரு நீர் மேலாண்மைதான்.

9 மார்ச் 2024

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கிளை வாய்க்கால் தகராறில் மேல்மடைக்காரர்களுக்காக ஆஜரானேன். ஊரையும் நீதிமன்றத்தையும் சொல்லப்போவதில்லை. இரு தரப்பும் தற்போதைய நிலையை மாற்றக்கூடாது, வாய்க்காலின் குறுக்கே எதையும் வைக்கக்கூடாது என்று இடைக்கால உத்தரவு வந்தது. அன்று மாலையே என் கட்சிக்காரரிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர், "சரிங்க ஐயா" என்றார். அன்றிரவே மணல் மூட்டைகளை அடுக்கி மடையை அடைத்துவிட்டார்கள்.

அடுத்த வாய்தாவில், உத்தரவின் நகல் எங்கள் கைக்கு வந்து சேரவில்லை என்று வாதாடினேன். நகல் வரவில்லை என்பது உண்மை. உத்தரவு தெரியாது என்பது பொய். இரண்டுக்கும் நடுவில் இருந்த அந்த மெல்லிய வரப்பின்மேல் கால் வழுக்காமல் நடந்து காட்டினேன். எதிர்த்தரப்பில் ஒரு வயதான அம்மாள், கருகிப்போன நாற்றுமுடி ஒன்றைச் சாட்சியம் என்று நினைத்தோ என்னவோ, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நீதிபதி அதை வாங்கிப் பார்க்கவில்லை, பார்ப்பதற்கு விதியும் இல்லை. இரண்டு வாரம் வாய்தா கிடைத்தது. இரண்டு வாரத்தில் நாற்றுக்கு என்ன ஆகும் என்பது அந்த அறையில் எனக்கும் அந்த அம்மாளுக்கும்தான் நன்றாகத் தெரிந்திருந்தது. வெளியே வந்ததும் கட்சிக்காரர் கைகூப்பினார், கட்டணத்தோடு ஒரு சீப்புப் பூவன் பழமும் கொடுத்தார். பழத்தை நான் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஏழெட்டு ஆண்டுகள் கழித்து நாரிமனைப் பற்றிய அந்தச் செய்தியை அப்பாவுக்கு இரண்டாம் முறை சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்குக் குரல் கம்மியது. அப்பா அதைத் தண்ணீர்க் கவலை என்று எடுத்துக்கொண்டார்.

10 மார்ச் 2024

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. ஆறுதல் எனக்குத் தேவையில்லை, அந்த அம்மாளுக்குத் தேவைப்பட்டது. அரிச்சந்திரன் பெயரைத் தாங்கிய ஆற்றின் கரையில் இருந்துகொண்டு இப்படிப்பட்ட தொழிலா என்று கேட்டவரின் கிண்டலை மட்டும் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

17 மார்ச் 2024

இப்போது படத்துக்கு எதிரான வழக்கையும் நானே நடத்துகிறேன். அதை வலுவாக நடத்தாவிட்டால் 21ஆம் தேதி எழுதியதற்கு மதிப்பில்லை.

2007இல் நடுவர் மன்றம் மொத்தம் 740 டிஎம்சி என்று கணக்கிட்டு, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 எனப் பிரித்தது. பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டிஎம்சி வர வேண்டும். 2018 பிப்ரவரி 16 அன்று உச்சநீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. குறைந்த 14.75 டிஎம்சியில் பத்து, தமிழ்நாட்டு டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்ற காரணத்துக்காக. மீதி 4.75, பெங்களூருவின் குடிநீருக்காக. கர்நாடகத் தரப்பின் வாதங்கள் அங்கே பலித்தன. நொடிக்கு 5,000 கன அடி வீதம் விட்டால் முப்பத்துநான்கு நாள்களுக்கு ஓடக்கூடிய தண்ணீர் அது. முப்பத்துநான்கு நாள் என்பது சம்பாவில் தூர்கட்டும் பருவம் முழுவதும். கடலோரத்தில் உப்பேறிப்போன எங்கள் நிலத்தடி நீரைக் காட்டி எங்கள் ஆற்று நீரைக் குறைத்தது எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான்.

ஆனால் அவர் தோற்ற வாதம் ஒன்றும் இருக்கிறது. 1892, 1924 ஒப்பந்தங்கள் சமமானவர்களுக்கு இடையில் ஏற்பட்டவை அல்ல, ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்த சென்னை மாகாணத்துக்குப் பணிந்துபோவதைத் தவிர மைசூர் சமஸ்தானத்துக்கு வழியில்லை, ஆகவே அவை செல்லாது என்பது அது. நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஒப்பந்தம் செல்லும், ஆனால் 1924 ஒப்பந்தம் ஐம்பது ஆண்டு முடிந்து 1974இலேயே காலாவதியாகிவிட்டது என்று சொன்னது. கட்சிக்காரனாக நான் மகிழ்ந்தேன். வரலாற்றைப் படித்தவனாக மகிழ முடியவில்லை. 1914இல் நடுவர் கிரிபின் மைசூருக்குச் சாதகமாக முடிவு சொன்னார். அதை லண்டன் வரை கொண்டுபோய்க் கலைத்தது நம் சென்னை மாகாணம். சிறுவயதில் எங்களுக்குச் சொல்லப்பட்ட காவிரிக் கதையில் இந்த அத்தியாயம் இருந்ததே இல்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் வாதத்திலிருந்துதான் எனக்கு அது தெரியவந்தது.

ஆறு எந்த மாநிலத்தின் தனிச்சொத்தும் இல்லை என்று அதே தீர்ப்பு சொன்னது நம் பக்கத்துக்கு எவ்வளவு பெரியது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. 2018 ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் வந்ததும் அதைத் தொடர்ந்துதான்.

30 மார்ச் 2024

போபால் விஷவாயுக் கசிவு வழக்கில் யூனியன் கார்பைடு நிறுவனத்துக்காக வாதாடியவரை எப்படி மதிக்கிறீர்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வாதாடினார். மீண்டும் ஒருமுறை வாழ நேர்ந்தால் அந்த வழக்கை எடுக்கமாட்டேன் என்று முதுமையில் தாமே சொன்னார். செத்தவர்களுக்கு அதனால் ஒன்றும் இல்லை. நான் அதைத் தள்ளுபடி செய்யவில்லை, கணக்கில் பற்றாகவே எழுதுகிறேன்.

வரவுப் பக்கத்தில் இரண்டு. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட உடனேயே, 1975 ஜூன் 27 அன்று, கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் பதவியை விட்டார். நர்மதை வழக்கில் குஜராத் அரசுக்காக ஆஜராகிக்கொண்டிருந்தவர், அங்கே கிறித்தவர்கள் தாக்கப்பட்டபோது, 1998 டிசம்பரில் அந்த வழக்கைத் திருப்பிக் கொடுத்தார். அதுவும் நீர் வழக்குதான் என்பதைக் கவனியுங்கள். நர்மதையில் கட்சிக்காரரையே விட்டார், காவிரியில் கட்சிக்காரரை விடாமல் அவருக்காகப் பேச மறுத்தார். எனக்கு இரண்டாவதுதான் கடினம் என்று தோன்றுகிறது. விலகிப்போகிறவன் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. கூடவே இருந்து மறுக்கிறவன் மறுநாளும் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும். சென்ற மாதம் நான் விலகினார் என்று தவறாக எழுதியது, அவர் செய்ததைவிட எளிதான ஒன்றை அவர்மேல் ஏற்றிவிட்டது.

14 ஏப்ரல் 2024

படிப்பகக் கூட்டம் நடந்ததாகக் கேள்விகேட்ட நண்பர் தொலைபேசியில் சொன்னார். படம் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. எதிர்த்தவர்களில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், படம் வேண்டாம், அந்த ஆள் என்ன சொன்னார் என்பதை எழுதி ஒட்டுங்கள், படிக்கிறவன் படிக்கட்டும் என்றாராம். ஆகவே செப்டம்பர் 30 உத்தரவில் நாரிமன் தொடர்பான பகுதியைத் தமிழில் எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு பக்கத்துக்கும் குறைவான பகுதிக்கு எனக்கு மூன்று இரவுகள் ஆயின. சட்ட ஆங்கிலத்தில் பணிவும் கண்டிப்பும் ஒரே வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கும். தமிழில் ஒன்று எழுந்து நின்றால் இன்னொன்று உட்கார்ந்துவிடுகிறது. கடைசியில் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "கீழ்ப்படியாத வரை" என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி, அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னார்.

18 ஆகஸ்ட் 2024

இந்த ஆண்டும் ஜூன் 12 தவறியது. கர்நாடகத்தில் கொட்டிய மழையில் மேட்டூரின் நீர்மட்டம் மளமளவென்று உயர்ந்து, ஜூலை 28ஆம் தேதி திறக்கப்பட்டது. உத்தரவால் வந்த தண்ணீர் இல்லை, அணை தாங்காமல் வந்தது. எங்கள் வாய்க்காலுக்கு இந்த வாரம் வந்து சேர்ந்தது.

நேற்று படிப்பகத்துக்குப் போயிருந்தேன். ஒட்டிய தாள் சுவரில் இல்லை. எங்கே என்று கேட்டேன். முறைப்பாசனத்துக்கு யாருக்கு எந்த நாள் என்று எழுத வேறு தாள் கிடைக்காததால் அதைக் கழற்றிப் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். மேசையில் நாலைந்து பேர் குனிந்து நின்றார்கள். இரண்டாம் மடைக்காரர் தமக்கு அரைநாள் குறைகிறது என்று உரத்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் வேறொரு பிரதி எடுத்துத் தருவதாகச் சொல்லிவிட்டு, அந்த அரைநாள் கணக்கைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். குறைந்தது கால்நாள்தான்.